மேப் போடும் தம்பிக்கு, ஜெர்மனியிலிருந்து

அஸ்தம்பட்டித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அக்டோபரில் கார்ல்ஸ்ரூஹேயில் மாஸ்டர்ஸ் சேரப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய், எஸ்டேட்டுகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகளை நடந்து நடந்து, யார் வேண்டுமானாலும் சேர்த்துத் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுகிறார். வீட்டில் "இதுக்கு எவனாவது காசு குடுக்கறானா?" என்கிறார்கள், கூட்டாளிகள் லூசு என்கிறார்கள். "அக்கா, நீங்கள் அங்கேயே இருந்துவிட்டவர், சொல்லுங்கள். என்னைப் போன்ற கீக்குகளை அங்கேயாவது மதிப்பார்களா?"

மதிக்க மாட்டார்கள் தம்பி. கேலியும் செய்ய மாட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவே மாட்டார்கள், அவ்வளவுதான். அது வரமா சாபமா என்பது, டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை கண்ணி எல்லாம் மூடியிருக்க அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது தெரியும்.

வெளிநாடு என்றாலே மூளைக்காரனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஊர் என்று நமக்கு ஒரு நினைப்பு. இங்கேயும் பள்ளிக்கூடத்தில் படிப்ஸ் பையனைப் பிள்ளைகள் ஓட்டத்தான் செய்கிறார்கள். பெரியவர்கள் ஆன பிறகு, அந்தப் பையனுக்கு நல்ல சம்பளம் வந்துவிட்டால் விட்டுவிடுகிறார்கள். இதில் சேலத்துக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

சேலம் கிறுக்கர்களை மதிக்காத ஊர் என்றும் நான் சொல்ல மாட்டேன். நான் பிறந்தது அம்மாப்பேட்டை. எங்கள் தெருவில் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துகிற ஒரு மாமா இருந்தார். கரையில் வர வேண்டிய அன்னமோ மாங்காயோ, முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுவார். அப்புறம் அந்தக் கட்டங்களை வரிசை வரிசையாகப் படித்து, எந்த இழை மேலே எழும்ப வேண்டுமோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை போடுவார். நூற்றுக்கணக்கான அட்டைகள். ஒரு ஓட்டை தப்பினால் நெய்கிற ஒவ்வொரு சேலையிலும் அந்த இடத்தில் அன்னத்துக்கு மூக்கு உடைந்திருக்கும். மனிதர் சாப்பிடும்போதுகூடக் கட்டம் எண்ணிக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் காதில் விழாது. அந்த அட்டை முறையைப் பார்த்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித மேதை பாபேஜ் தன்னுடைய கணிப்பொறித் திட்டத்துக்கு ஓட்டை அட்டை வைத்தார் என்பது எனக்குக் காலேஜில்தான் தெரிந்தது. மாமாவை யாரும் லூசு என்று சொன்னதில்லை, ஏனென்றால் அவர் போட்ட ஓட்டை சேலையாகி, சேலை காசாகி வந்தது. உங்கள் பாதை காசாகவில்லை. விஷயம் இவ்வளவுதான், இதை மனதில் போட்டுக் குடையாதீர்கள். (எனக்குச் சால்டரிங் அயர்ன் வாங்கிக் கொடுத்தபோது எங்கள் அப்பாவைத் தெருவே திட்டியது, அது வேறு கணக்கு. பெண் பிள்ளை என்ற கணக்கு.)

சரி, அப்படியானால் இங்கே என்னதான் வித்தியாசம்? காசு வராத கிறுக்குக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. நாற்காலி, மேசை, அலமாரி, சாவி என்று நிஜமான இடத்தைத்தான் சொல்கிறேன். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் வைத்துச் சட்டப்படிப் பதிவு செய்துகொள்ளலாம். முயல் வளர்ப்பவர்களுக்குச் சங்கம், ஹாம் ரேடியோக்காரர்களுக்குச் சங்கம், ஹேக்கர்களுக்கு 1981-லேயே தொடங்கிய கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப். உங்களைப் போல மேப் போடுகிறவர்கள் பல ஊர்களில் ஏதாவது ஒரு பீர் கடையில் மேசை சொல்லிவைத்து அவ்வப்போது கூடுவார்கள், அதற்கு ஷ்டாம்டிஷ் என்று பெயர். பீர் குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, நான் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து வாங்கிக்கொள்வேன்.

முதல் தடவை போய் உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்க் பெஞ்சு ஒவ்வொன்றுக்கும் முதுகு சாய்க்கப் பலகை உண்டா இல்லையா என்று மேப்பில் குறிக்கிறார்கள். ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர், ஊரில் உள்ள தபால் பெட்டி ஒவ்வொன்றிலும் எத்தனை மணிக்குத் தபால் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் போகும் ஒரு வழியை 'பாத்' (பொதுவான பாதை) என்று போடுவதா 'ஃபுட்வே' (நடப்பவர்களுக்கான பாதை) என்று போடுவதா என்று இரண்டு பேர் சாப்பாடு ஆறிப்போகும் வரை சண்டை போட்டார்கள். உங்களுக்கு அது சொந்த வீடு மாதிரி இருக்கும். என்ன, சண்டை முழுக்க ஜெர்மனில் நடக்கும். வகுப்பு ஆங்கிலத்தில்தானே என்று மொழியை விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் ஹாஸ்டல் அறைக்குள் தமிழ்ப் பையன்கள் நாலு பேரோடு முடங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சேலத்திலேயே முடிந்த அளவு படித்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று எழுதியிருந்தீர்கள். குப்பனூர்ப் பக்கம் ஜிபிஎஸ்ஸோடு நின்றபோது ஒரு பெரியவர் "எட்டு வழிச் சாலைக்கு அளக்க வந்தீங்களா?" என்று மறித்துக்கொண்டார், படிக்காத ஜனம், இதெல்லாம் அங்கே இருக்காது அல்லவா என்று. தம்பி, அந்தப் பெரியவர் சொன்னதில் என்ன தப்பு? 2018-இல் அந்த 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் சாலைக்கு அந்தப் பக்கத்து வயல்களில்தானே கல் நட்டார்கள். கையில் கருவியோடு வந்தவன் போன பிறகு காடு போகும் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2010-இல் தெருத் தெருவாகப் படம் எடுத்து இணையத்தில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ ஜெர்மனிக்கு வந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் புதுப் படம் எடுத்துப் போடவே 2023 ஆகிவிட்டது. நீங்கள் ஃபோனைத் தூக்கி ஒரு வீட்டுக் கதவு எண்ணைப் படம் பிடித்தால் இங்கேயும் ஜன்னல் திறக்கும். நம் நிறத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே திறக்கும், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. படம் எடுக்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கேட்டால் இன்ன வேலை என்று சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேர் அதற்குள் ஆர்வமாகி எங்கள் தெருப் பெயர் சரியாக இருக்கிறதா பார் என்பார்கள்.

இந்தியன் என்றாலே ஐடி என்று முடிவு கட்டிவிடுவதும் உண்டு. நீங்கள் ராத்திரி கண் விழித்து ஆசை ஆசையாகச் செய்வதெல்லாம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆபீஸில் பிரிண்டர் மக்கர் செய்தால் என்னைத்தான் பார்க்கிறார்கள், நான் படித்தது பொருளியல்.

நம் ஆட்கள் கூடுகிற பொங்கல் விழாவில் இன்னும் மோசம். எந்தக் கம்பெனி, ப்ளூ கார்டு (படித்த வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வந்துவிட்டதா, வீடு வாங்கியாச்சா? மேப் என்று வாயெடுத்தீர்கள் என்றால், கூகுள் மேப்தான் இருக்கிறதே தம்பி என்று சொல்லிவிட்டு வடைப் பக்கம் போய்விடுவார்கள். அஸ்தம்பட்டியில் கேட்ட அதே கேள்வி, யூரோவில் கேட்பார்கள். அங்கே உங்கள் கிறுக்கைக் கடை விரிக்காதீர்கள், சோற்றுக்கும் சிரிப்புக்கும் போய் வாருங்கள், அதற்கு அது நல்ல இடம்.

காசு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கம்ப்யூட்டர் கை வந்த பையன்கள் வந்த வேகத்தில் வெப்சைட் போட்டுத் தருகிறேன் என்று ஃப்ரீலான்ஸ் இறங்கிவிடுகிறார்கள். மாணவர் அனுமதியில் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், 2024-லிருந்து அந்தக் கணக்கு. ஆனால் அது ஒருவரிடம் சம்பளத்துக்குப் பார்க்கிற வேலைக்கு. சொந்தமாகத் தொழில் செய்யக் குடியேற்ற அலுவலகத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். சும்மா மேப் போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

புறப்படும் வரை மலைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். காப்பித் தோட்டம் முழுக்க சில்வர் ஓக் நிழல், சாட்டிலைட் படத்தில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது, அந்தப் பாதைகளை நடந்துதான் எடுக்க முடியும். வெளியே தெரிகிற வீட்டுக் கூரைகளை நான் இங்கே உட்கார்ந்து சாட்டிலைட் படத்தைப் பார்த்தே வரைந்துவிடுவேன். நாகலூரிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் உள்ளே போகும் சின்னச் சின்ன ஊர்களின் பெயரை அங்கே இருப்பவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக யாரிடம் கேட்டீர்கள் என்றும் குறித்து வையுங்கள், ஷ்டாம்டிஷில் முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள்.