தழும்பும் தோழனும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு 25 வயது. வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் ஒரு வங்கியில் வேலை. ஏ.எல். படித்த காலத்திலிருந்து முகத்தில் பரு. இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது, இடைக்கிடை ஒன்றிரண்டு வரும். ஆனால் இரண்டு கன்னத்திலும் குழிகளும் கறுத்த அடையாளங்களும் நின்றுவிட்டன. தாடி வைத்து மறைக்கிறேன். கவுண்டரில் ஆட்களுக்கு முன்னால் இருக்க முடியாமல், கேட்டு வாங்கிப் பின்பக்க வேலைக்கு மாறிவிட்டேன். அப்பா “ஆம்பிளைப் பிள்ளைக்கு முகத்தில என்ன இருந்தா என்ன” என்கிறார். ஒரு சலூனில் லேசர் என்று காசு கட்டிச் செய்தேன், முகம் முன்பைவிடக் கறுத்தது. பாமசியில் தந்த ஒரு ரியூப் பூசினேன். பூசும்வரை பளபளப்பு, விட்டதும் பரு இரண்டு மடங்காக வந்தது.

தையில் என் சொந்த அக்காவின் கலியாணம். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். அதற்கிடையில் ஏதாவது செய்துகொள்ளலாமா? இல்லாவிட்டால் சித்தப்பாவின் மகனை நிற்கச் சொல்லவா?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் லேசர், ஊசி, அமிலம் பூசித் தோலுரிக்கும் பீலிங் எதுவும் புதிதாகச் செய்ய வேண்டாம். தழும்புக்கான சிகிச்சைகள் பெரும்பாலும் தோலை அளவோடு காயப்படுத்தி, அந்தக் காயம் ஆறும்போது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் புதிதாக உருவாகட்டும் என்று காத்திருப்பவை. அந்தக் காத்திருப்பு மாதக் கணக்கு. நம்மைப்போன்ற மாநிறத் தோலில் காயம்பட்ட இடம் கறுத்துப்போய், அந்தக் கறுப்பு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நிற்கலாம். சலூனில் உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுதான். இப்போது அவசரப்பட்டால் கலியாண நாளில் ஆறாத முகத்தோடுதான் நிற்பீர்கள்.

நிற்க வேண்டியது நீங்கள்தான். மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வருவது பெண்ணின் சகோதரன், மாப்பிள்ளை மோதிரம் போட்டுவிடுவதும் அவன் விரலில்தான். அந்த இடத்தில் வேறொருவர் நின்றால் படங்களில் உங்கள் தழும்பு இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீர்கள். ஏன் என்று உங்கள் அக்காவுக்குத் தெரியும். அந்தக் கவலையோடு அவர் மணவறையில் இருக்க வேண்டுமா?

அன்றைக்கு உதவக்கூடிய சின்ன விஷயங்கள் சில உண்டு. குழிகளை ஆழமாகக் காட்டுவது பக்கவாட்டு வெளிச்சம். முன்னாலிருந்து பரவலாக விழும் வெளிச்சத்தில் அவை மங்கிவிடும். இதைப் படப்பிடிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லலாம், அவருக்குப் புதிதாக இருக்காது. கறுத்த அடையாளங்களுக்கு, அக்காவை அலங்கரிக்க வருபவரிடம் கொஞ்சம் நிறம் திருத்தும் பூச்சுக் கேட்டுப் பூசிக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளை பூசினால் என்ன என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

இனி, அக்கறையாகப் பார்க்க வேண்டிய காரியத்துக்கு வருவோம். குழியையும் கறுத்த அடையாளத்தையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறு. கறுத்த அடையாளம் தழும்பே அல்ல. பருவின் அழற்சி தோலின் நிறமியைக் கிளறிவிட்டுப் போயிருக்கிறது. தடவிப் பார்த்தால் மட்டமாக இருக்கும். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுத்து, தானாக மங்கும். அதை வேகப்படுத்த அசலாயிக் அமிலம், ரெட்டினொயிட் போன்ற பூச்சு மருந்துகளை வைத்தியர் தருவார். குழி அப்படித் தானாகப் போகாது. உங்கள் முகத்தில் உங்களை வருத்துவதில் பாதி வெறும் கறுப்பாக இருக்கக்கூடும் என்பதுதான் என் எண்ணம். கண்ணாடியில் பார்க்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே அழிவாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் அவ்வளவு இல்லை.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழி என்றும் மாசி என்றும் இல்லாமல் ஆண்டு முழுக்கச் சூரியன் நம் தலைக்கு மேல்தான். காலையில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரமே அந்த அடையாளங்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கப் போதும். ஆகவே சன்ஸ்கிறீன் தினமும் வேண்டும், மழைக்கால முகிலிலும் வேண்டும். வெள்ளையாகப் படிகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்துக்குக் கிட்டியவை கிடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். அதையும் இவை தடுப்பதால் நமக்கு இன்னும் பொருத்தம்.

பாமசியில் தந்த ரியூப் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பூசும்வரை பளபளப்பு, விட்டதும் பரு பொங்குவது என்றால் ஸ்டீரொயிட் கிறீம் என்று பலமாகச் சந்தேகிக்க வேண்டும். பீட்டாமெதசோன், குளோபீட்டாசோல் என்று ரியூபில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எக்சிமா போன்ற தோல் நோய்களுக்கு அவை தேவையான மருந்துகள். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலியவைத்து, தாமே பருவை உண்டாக்கும். இத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்று வைத்தியரிடம் சொன்னால், எப்படி விடுவது என்று அவர் வழி சொல்வார். பெயரில்லாத போத்தல்களில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களின் பக்கமே போகாதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேசிக்காய்ச் சாறும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

குழிகளில் பல வகை. ஊசி குத்தியதுபோல் ஒடுங்கி ஆழமானவை, விளிம்பு செங்குத்தான அகலக் குழிகள், அலைபோல் பரந்து பள்ளமானவை. பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் கலந்தே இருக்கும். சிகிச்சை வகைக்கு ஏற்பத்தான் அமைய வேண்டும். ஒடுங்கிய ஆழக் குழிக்குள் வீரியமான ரைகுளோரோ அசெற்றிக் அமிலத்தைத் துளியாகத் தொட்டு வைக்கும் முறை 2002 முதல் மருத்துவ நூல்களில் இருக்கிறது. அதை வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது. பரந்த பள்ளத்தைக் கீழிருந்து நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். ஊசியை உள்ளே விட்டு அவற்றை அறுத்துவிடுவது சப்சிஷன். நுண்ணூசிகளால் தோலைத் துளைக்கும் மைக்ரோநீட்லிங் மாநிறத் தோலுக்கு ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைந்தது. நாலு முதல் ஆறு வார இடைவெளியில் பல தடவை செய்வார்கள். இணையத்தில் வாங்கிய ரோலரை வீட்டில் உருட்டினால் கிருமி தொற்றத்தான் வழி. தோலை முழுதாகச் சுடாமல் நுண்ணிய புள்ளிகளாக மட்டும் சுடும் பிராக்ஷனல் லேசர் 2004 முதல் பேசப்படுகிறது, நல்ல கருவி. ஆனால் நம் தோலில் நிறமி அதிகம், சூடு கூடினால் கறுக்கும். சக்தியையும் அடர்த்தியையும் குறைத்து, நிதானமாகச் செய்யத் தெரிந்தவர் கையில்தான் அது நல்லது.

இதெல்லாவற்றுக்கும் முதல், பரு முழுதாக அடங்க வேண்டும். இடைக்கிடை ஒன்றிரண்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது பழைய குழிக்குக் காசு செலவழிப்பது, கூரை ஒழுக ஒழுகச் சுவருக்கு வர்ணம் அடிப்பதுபோல. அடாபலீன், பென்சோயில் பெரொக்சைட் போன்ற பூச்சுகள் போதுமா, ஐசோட்ரெட்டினோயின் குளிசை தேவையா என்று வைத்தியர் தீர்மானிக்கட்டும். இதை வாசிக்கும் தங்கைமாருக்கு ஒன்று: கருவிலிருக்கும் குழந்தையை அந்தக் குளிசை கடுமையாகப் பாதிக்கும். எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. யாரோ ஒருத்தியின் மிச்சக் குளிசையை வாங்கிப் போட வேண்டாம்.

எவ்வளவு சரியாகும் என்று கேட்பீர்கள். குறையும், சில நேரம் நன்றாகவே குறையும், முற்றாக அழியாது. நூற்றுக்கு நூறு என்று சொல்கிற இடத்தில் காசு கட்டாதீர்கள். தோல் நோய் வைத்திய நிபுணரையே பாருங்கள். இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணித்தான் போக வேண்டும் என்றும் இல்லை. தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காசில்லாமல் நிபுணரைப் பார்க்கலாம். காலை வேளை ஒன்று போகும், சனம் கூட, வாங்கில் இருக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு எதையும் விற்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை. சலூன் அனுபவத்துக்குப் பிறகு உங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் அதை ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். ஆனாலும் அந்த ஒரு வசனம் உங்கள் வாயைக் கட்டிவிட்டது. எனக்கு எழுதும் பெண்பிள்ளைகளைப் பெண் பார்க்க வருபவர்களின் பேச்சு கொடுமையாக வதைக்கிறது. ஆனால் அவர்களுக்கு அழுவதற்கு ஒரு தோழியாவது இருக்கிறாள். ஆண்பிள்ளைகள் தாடி வளர்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். முகப்பரு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. வைத்தியர் கண்ணுக்கு இலேசான தழும்பு ஒருவரை உடைத்துவிடலாம், மோசமான தழும்போடு இன்னொருவர் நிம்மதியாக இருக்கலாம். ஆகவே, இது சின்ன விஷயம், நான்தான் பலவீனமானவன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் துக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

என் கவலை வேறு. முகம் சரியாகட்டும், பிறகு கவுண்டருக்குப் போகலாம், பிறகு தோழனாக நிற்கலாம், பிறகு ஒருத்தியோடு கதைக்கலாம் என்று எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். ஒழுங்கான சிகிச்சை ஒரு வருடம், இரண்டு வருடம் போகும் காரியம். அவ்வளவு காலம் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வருவது இன்னும் கடினம். இரண்டும் ஒன்றாக நடக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கவுண்டரில் ஒருவருக்குப் பதிலாக ஒரு மணித்தியாலம் இருக்கக் கேளுங்கள். முதல் நாள் நெஞ்சு படபடக்கும். காசு கட்ட வருகிறவருக்குத் தன் கணக்கும் கியூவும்தான் கண்ணில் இருக்கும் என்பதை நீங்களே இருந்து பார்த்தால்தான் நம்புவீர்கள். போன் கமராவில் கன்னத்தைப் பெருப்பித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். அந்தத் தூரத்தில் உங்களை யாரும் பார்ப்பதில்லை. கலியாண வீட்டில் மாமிமார் மருந்து சொல்ல வருவார்கள். “வைத்தியரிட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறன்” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள்.

தினமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இந்த நினைப்பிலேயே போகிறதென்றால், நித்திரை கெடுகிறதென்றால், தோல் வைத்தியரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. உயிரோடு இருந்தென்ன என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள்.

கிளினிக்குக்கு இந்த மாதமே போங்கள், கலியாணம் முடியட்டும் என்று விடாதீர்கள். பருவை அடக்கும் மருந்தை இப்போதே தொடங்கலாம். தாடியை மழித்துவிட்டுப் போங்கள், குழிகளைப் பார்க்காமல் அவரால் எதுவும் சொல்ல முடியாது. அந்த ரியூபையும், சலூனில் செய்த திகதியையும், பில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். உடம்பில் வேறெங்காவது காயம் ஆறி மேடாகத் தடித்திருந்தால் அதையும் காட்டுங்கள். கெலொயிட் வரும் தோல் என்றால் சிகிச்சையையே மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா