ஒரே சாட்சி போட்ட உயில்: பாட்டிக்கும் பங்கு உண்டா?

மறைந்த அப்பா எழுதிய உயிலில் ஒரே சாட்சிதான் இருக்கிறது, அப்பாவின் அம்மாவான பாட்டிக்கும் சொத்தில் பங்கு உண்டா, அண்ணன் வேண்டாம் என்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உங்கள் அப்பா எழுதியதில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அது செல்லாது. அப்புறம் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956தான் பேசும். அதன்படி மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய், எல்லாருக்கும் சமபங்கு. அம்மா, நீங்கள், அண்ணன், கல்யாணமான தங்கை, பாட்டி என ஐந்து பேர். ஆளுக்கு ஐந்தில் ஒன்று.

“பாட்டிக்கு எதுக்கு?” என்று அண்ணன் கேட்பதற்குக் காரணம், அப்பா சொத்து மனைவி மக்களுக்கு மட்டும்தான் என்ற பரவலான நினைப்பாக இருக்கலாம். தயவுசெய்து பாட்டியை ஒதுக்கிவிட்டுப் பத்திரம் போடாதீர்கள். நாளை பாட்டி காலமானால் அவர் பங்கில் உங்கள் அத்தை, சித்தப்பாவுக்கும் உரிமை வந்துவிடும். வீட்டை விற்கும்போது அவர்கள் கையெழுத்தும் தேவைப்படும். பாட்டியே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இப்போது செய்ய வேண்டியது:

1. வாரிசுச் சான்றிதழில் பாட்டி பெயர் இருக்கிறதா பாருங்கள். விட்டுப்போயிருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் திருத்தக் கேளுங்கள்.

2. மூலப் பத்திரத்தை எடுங்கள். அப்பா தன் பணத்தில் வாங்கியதா, தாத்தா வழியில் வந்ததா?

இரண்டாவதுதான் முக்கியம். பூர்வீகச் சொத்தாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு மாறும். அந்தச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் அதிலும் தங்கைக்கு மகனுக்கு நிகரான உரிமை உண்டு. அப்படியென்றால் பத்திரத்தோடு ஒரு சிவில் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.