வயதான பெற்றோருடன் இரண்டு நாள் கும்பகோணம் வருகிறோம். சுற்றியுள்ள கோயில்களை எப்படித் திட்டமிட்டுப் பார்ப்பது?

கும்பகோணத்தில் திட்டத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்களில் பகல் 12, 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 அல்லது 4.30-க்குத்தான் திறப்பார்கள். அதிலும் 11.30-ஐ ஒட்டி உச்சிகால பூஜைக்குத் திரை போட்டுவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். ஆக, ஒரு நாளில் உங்கள் கையில் இருப்பது காலையில் ஐந்து மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம். வரைபடத்தில் எட்டு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு ஒரே நாளில் பன்னிரண்டு கோயில் என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள்.

அதே காரணத்தால், இரண்டு நாள் பயணத்தில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் சேர்க்காதீர்கள். திங்களூர் மேற்கே திருவையாறு பக்கம், கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகார் பக்கம், திருநள்ளாறோ காரைக்காலில். ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள், முடியவும் முடியும். ஆனால் பெற்றோருக்கு அது வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நாளாகத்தான் இருக்கும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தாராசுரத்தில் இருங்கள். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சையின் பிரம்மாண்டத்தை இங்கே தேடாதீர்கள். இங்கே எல்லாமே சிறியது, அதுதான் விஷயம். கருவறையின் வெளிச்சுவர் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் கைப்பிடி அளவுக் கட்டங்களாக வரிசையாக ஓடுகின்றன. குனிந்து பார்க்காவிட்டால் கண்ணில் படாது. தேர்ச் சக்கரமும் குதிரையும் பூட்டிய முன்மண்டபத்தின் தூண்களிலும் சில அங்குல உயரச் சிற்பங்கள்தான்; உள்பக்கத் தூண்களுக்குக் கைபேசி டார்ச் உதவும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பினால் வந்ததற்குப் பயனில்லை. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தட்டினால் ஓசை தரும் பலிபீடப் படிகளுக்கு இப்போது கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள், தட்ட முடியாது. இங்கிருந்த பிட்சாடனர், ரிஷிபத்தினிகள் சிற்பங்கள் இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. மழைக்காலத்தில் முன்பக்கப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், பெரியவர்களைக் கவனமாக நடத்திச் செல்லுங்கள்.

அங்கிருந்து சுவாமிமலை பக்கம்தான். தமிழ் ஆண்டுகளின் பெயரில் அறுபது படிகள். முட்டிவலி உள்ளவர்களை அவசரப்படுத்த வேண்டாம் என்பதற்காகவே பத்தரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தரிசனம் முடிந்து நடை சாத்தியதும் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளுக்குப் போங்கள். மதிய இடைவெளியை வீணாக்காமல் இருக்க இதைவிட நல்ல இடம் இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். வாங்குவதாக இருந்தால் விரல், கண், நகைகளின் கோடுகள் உளியால் செதுக்கியது போலக் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். வார்த்தபடியே மழமழவென்றிருந்தால் செதுக்கு வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால், பழம்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்று பற்றி வாங்கும் முன்பே கேளுங்கள்.

மாலை நான்கு மணிக்கு ஊருக்குள். ராமசாமி கோயிலை முதலில் வையுங்கள், நாயக்கர் காலத் தூண்களுக்கு வெளிச்சம் வேண்டும். அடுத்து நாகேசுவரன் கோயில்: ஆதித்த சோழர் காலத்தது. கருவறைச் சுவர் மாடங்களில் நிற்கும் ஆண், பெண் உருவங்களுக்கு இணையாக இந்த ஊரில் வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து, கூட்டமும் குறைவு. இருட்டிய பிறகு சாரங்கபாணி, கும்பேசுவரர். பிரதோஷ நாளானால் சிவன் கோயில்களில் 4.30 முதல் 6 வரை நெரிசல் இருக்கும், அன்று பெருமாள் கோயிலை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். மகாமகக் குளத்துக்கு நேரம் காலம் இல்லை, இடையில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் ஆறரைக்குக் கிளம்பி அணைக்கரை வழியாக கங்கைகொண்ட சோழபுரம், சுமார் 35 கிலோமீட்டர். அங்கே நல்ல சாப்பாட்டுக்கு வழி குறைவு. இட்லியும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் இந்த ஊர்க் கடப்பாவும் முடித்துவிட்டோ கட்டிக்கொண்டோ போங்கள். வடக்கு வாசல் படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தியும் ஞான சரஸ்வதியும் இருக்கிறார்கள், பலர் முன்வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறை மேலுள்ள விமானம் நேராக ஏறும், இங்குள்ளது உள்வளைந்து ஏறும். தள்ளி நின்று பார்த்தால் தெரியும். ஒன்பதரைக்குக் கிளம்பினால் திருபுவனத்தில் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயிலையும் நடை சாத்தும் முன் பார்க்கலாம். மதியம் அங்கேயே பட்டுத் தறிகள். மாலையில் உப்பிலியப்பன் கோயிலும் ராகு தலமான திருநாகேசுவரமும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம், திருநாகேசுவரத்தில் ராகுவின் பாலபிஷேகத்துக்குக் கூட்டம் அலைமோதும். அதற்காகவே வராதவர்கள் ஞாயிறு மாலையைத் தவிர்க்கவும்.

தஞ்சாவூரை இதில் நுழைக்காதீர்கள். 40 கிலோமீட்டர், அதற்குத் தனி நாள் வேண்டும். வெயில் காலத்தில் பத்தரைக்கு மேல் கல்தரை சுடும். கனமான காலுறை ஒரு ஜோடி பெற்றோருக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் விழுப்புரம், மயிலாடுதுறை வழி. பகலில் சோழன், இரவில் உழவன். வண்டியை நாள் வாடகைக்குப் பேசும்போது காத்திருப்பு நேரம் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள், தகராறு வருவது அங்கேதான். நெடுஞ்சாலை நெடுக இருக்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை, காபியை ஊருக்குள் குடியுங்கள். தேதி முடிவு செய்யும் முன் நாள்காட்டியில் முகூர்த்த நாளையும் குரு, சனிப் பெயர்ச்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம்.