பக்கத்து வயலுக்கு வர்ற மானியம் நமக்கும் வருமா?

கேள்வி: சார், நானும் வீட்டுக்காரரும் சிகாகோ பக்கம் இருக்கோம், ரெண்டு பேருமே எச்1பி. ஆறு மாசம் முன்னாடி இல்லினாய் லிவிங்ஸ்டன் கவுண்ட்டில 40 ஏக்கர் வாங்கினோம், 4,80,000 டாலர். உள்ளூர் விவசாயி ஒருத்தர் ஏக்கருக்கு 250 டாலர் கேஷ் ரென்ட் கொடுத்து மக்காச்சோளமும் சோயாவும் போடறார். அந்தக் கவுண்ட்டில யாருக்கு எவ்வளவு கவர்மென்ட் பணம் போச்சுன்னு லிஸ்ட் பார்த்தேன், சிலருக்கு வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல. நிலம் எங்க பேர்லதானே இருக்கு, எங்களுக்கு எப்ப வரும்? அத வெச்சு லோன் கட்டலாம்னு இருக்கோம்.

பதில்: வராதுங்க. லோன் கணக்குல இருந்து அத இன்னிக்கே எடுத்துடுங்க.

அந்த லிஸ்ட்ல இருக்கற ஏஆர்சி (பயிர் வருமானம் குறைஞ்சா வர்றது), பிஎல்சி (பயிர் விலை விழுந்தா வர்றது)ன்னு சொல்ற கவர்மென்ட் பணம் நிலம் யார் பேர்ல இருக்குன்னு பார்த்து வர்றதில்ல, பயிர்ல ரிஸ்க் யாரோடதுன்னு பார்த்துதான் வருது. மழை பொய்ச்சாலும் விலை விழுந்தாலும் உங்க 10,000 டாலர் வாடகை வந்துடும், நஷ்டம் அவரோடது, அதனால பணமும் அவருக்கு, அதுதான் நியாயமும்கூட. விளைச்சல்ல பங்குன்னு அக்ரிமென்ட் போட்டிருந்தா அந்தப் பங்கு அளவுக்கு நிலத்துக்காரருக்கும் உண்டு. ஆனா உங்களுக்கு அந்த வழியும் அடைப்புதான், சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லாதவங்க நிலமும் முதலீடும் போட்டு, வயல்ல தானே இறங்கி கணிசமா வேலையும் செஞ்சாத்தான் தகுதி, எச்1பில இருந்துட்டு அத செய்யப் போனா விசாவுக்கே சிக்கல்.

அந்த லிஸ்ட்ட நம்பி மனசுல கணக்கு போடவும் வேண்டாம். 2018ல சைனா சோயாவுக்கு வரி போட்டப்ப பூஷலுக்கு (அங்க தானியம் அளக்கற அளவு) 1.65 டாலர்னு தனியா கொடுத்தாங்க, அப்புறம் கோவிட்டுக்கு ஒரு பணம், இதெல்லாம் அந்தந்த வருஷத்தோட சரி. 2022ல மக்காச்சோளம் பூஷல் 6 டாலருக்கு மேல போச்சு, அந்த விளைச்சலுக்கு பிஎல்சி ஒரு பைசா இல்ல.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு, எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கறது இதுதான். எச்1பில இருக்கறவங்க 10 ஏக்கருக்கு மேல விவசாய நிலம் வாங்கினா 90 நாளுக்குள்ள எஃப்எஸ்ஏக்கு, அதாவது அமெரிக்க விவசாயத் துறையோட ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சிக்கு, எஃப்எஸ்ஏ-153 ஃபார்ம் கொடுக்கணும், 1978 சட்டம். வீடு வாங்கறப்ப இப்படி எதுவும் கிடையாதுங்கறதால நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல, க்ளோசிங்ல வக்கீலும் சொல்லாம விட்டுடறாங்க. லேட்டானா வாரத்துக்கு நிலத்தோட மதிப்புல 0.1 சதவீதம் அபராதம், ஏறிட்டே போய் 25 சதவீதம் வரைக்கும் போகலாம். நீங்க கொடுக்கலன்னா கெடு தாண்டி சுமார் 13 வாரம் ஆச்சு, வாங்கின விலைக்கே பார்த்தாலும் 6,240 டாலர், உங்க வாடகைல பாதிக்கு மேல. நீங்களா போய் கொடுத்தீங்களா, அவங்க கண்டுபிடிச்சாங்களாங்கறதையும் பார்த்துத்தான் தொகைய முடிவு பண்ணுவாங்க, அதனால பயந்து ஒளிஞ்சிருக்க வேண்டாம்.

திங்கக்கிழமை காலைல பத்திரத்த கைல வெச்சுக்கிட்டு லிவிங்ஸ்டன் கவுண்ட்டி எஃப்எஸ்ஏ ஆபீஸுக்கு போன் பண்ணுங்க, ரெண்டு பேர் விசா விவரமும் மறைக்காம சொல்லுங்க, மாநில அளவுல வேற ஏதாவது ஃபைல் பண்ணணுமான்னு வக்கீல்கிட்டயும் கேட்டுடுங்க. லோனுக்கு அந்த 10,000ல இருந்து நிலவரி கழிச்சு மிச்சம் எவ்வளவுன்னு பார்த்து எனக்கு எழுதுங்க, அங்கிருந்து ஆரம்பிப்போம்.