டாக்டர் பட்டம் இருக்கட்டும், முதலில் வகுப்பெடுக்கக் கற்கட்டும்

கொண்டலாம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், மகளையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகள் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறார். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, கைக்கு வருவது 18,000 ரூபாய். "பிஎச்டி இல்லையென்றால் அடுத்த வருடம் சிரமம்" என்று துறையில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. இதற்குள் மைத்துனர் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்டிக்கு ஆள் பிடித்துவிட்டார். மொத்தம் நாலரை லட்சம். கட்டுரை வெளியிடுவது, ஆய்வேட்டைப் 'பார்த்துக்கொள்வது' எல்லாம் அதில் அடக்கம். அப்பா வீட்டுமனைப் பத்திரத்தை அடகு வைக்கத் தயாராக இருந்தார். மகள் வாயே திறக்கவில்லை. அன்று மைத்துனரை வைத்துக்கொண்டு முழுதாகச் சொல்ல முடியாததை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, "பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் நேரடியாகவே சொல்கிறேன். அந்த நாலரை லட்சத்தைக் கட்டாதீர்கள். மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

துறையில் சொன்னதில் பாதி உண்மை. உங்கள் மகளிடம் இப்போது நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் தேர்ச்சியும் இல்லை, பிஎச்டியும் இல்லை. தகுதி இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பது நியாயமான பயம்தான். ஆனால் பிஎச்டிதான் அந்தத் தகுதி என்பது பழைய கதை. பல்கலைக்கழகத் துறைகளில் சேர பிஎச்டி கட்டாயம் என்று 2018 விதிகளில் யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்தது உண்மை. 2023 ஜூலையில் அதை மாற்றிவிட்டார்கள். உதவிப் பேராசிரியராக நேரடியாகச் சேர நெட், மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று தேறியிருந்தால் போதும். பழைய விதிதான் இன்னும் ஊர் வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தரவரிசைக் கணக்கில் பிஎச்டி முடித்த ஆசிரியர் எத்தனை பேர் என்று பார்ப்பதால், தனியார் நிர்வாகங்கள் அதையே துரத்துகின்றன. அது நிர்வாகத்தின் தேவை. அதற்கு உங்கள் மனை எதற்கு?

'பார்த்துக்கொள்கிறோம்' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வேறொருவர் எழுதிக் கொடுக்கும் ஆய்வேடு பெரும்பாலும் நாலு இடத்தில் வெட்டி ஒட்டியதாகத்தான் இருக்கும். ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் நகல் என்று தெரிந்தால் பதிவே ரத்து என்று யுஜிசியின் 2018 நகல் தடுப்பு விதி சொல்கிறது. பட்டம் வாங்கிய பிறகு பிடிபட்டாலும் பட்டத்தை நிறுத்திவைக்க அதில் இடம் உண்டு. கடன் உங்கள் பெயரில், அவமானம் மகள் பெயரில். மச்சானுக்கு என்ன நஷ்டம்? கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர்' என்று போட வேண்டும் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அதற்கு நாலரை லட்சம் ரொம்ப விலை.

மைத்துனர் போன் பேச வெளியே போனபோது உங்கள் மகளிடம், "வகுப்பில் என்னம்மா நடக்கிறது?" என்று கேட்டேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வரும் நாலைந்து பிள்ளைகள், விடிவதற்குள் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். பாடத்தில் 'ஒரு செய்முறையை விவரித்தல்' என்று ஒரு பகுதி. புத்தகத்தில் இருந்தது ஏதோ தொழிற்சாலை உதாரணம். இவர் அதை விட்டுவிட்டு, "உங்கள் வீட்டில் காபிப் பழம் பறிப்பதிலிருந்து காயப்போடுவது வரை எழுதுங்கள்" என்றிருக்கிறார். பறிக்கப்படுகிறது, தோலுரிக்கப்படுகிறது, உலர்த்தப்படுகிறது என்று செயப்பாட்டு வினை தானாக வந்து விழுந்திருக்கிறது. இலக்கணமாக நடத்தியபோது புரியாதது அன்று புரிந்ததாம். அந்தப் பிள்ளைகளின் தாள்களை நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். அண்ணா, உங்கள் பெண்ணின் மனது அங்கே இருக்கிறது. மூன்று வருடம் அவருக்கு ஒட்டாத ஒரு தலைப்பில் உட்காரவைத்தால் இருப்பதையும் தொலைத்துவிடுவீர்கள்.

பி.எட்., பள்ளி ஆசிரியர் தேர்வு, வங்கித் தேர்வு பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கல்லூரி ஆசிரியருக்கான கற்பித்தல் பயிற்சி.

உங்கள் தறியில் புதிதாக வந்த பையனை முதல் நாளே தனியாகச் சேலைக்கு உட்காரவைப்பீர்களா? தெரிந்தவர் பக்கத்தில் நிறுத்தித்தானே பழக்குவீர்கள். கல்லூரியில் அப்படியில்லை. ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். வேண்டும், தகுதித் தேர்வு வேண்டும். கல்லூரியில் எம்.ஏ. முடித்தவர் கையில் திங்கட்கிழமை காலை சாக்பீஸைக் கொடுத்து, அறுபது பேர் முன்னால் நிறுத்திவிடுவார்கள். தனக்கு யார் எப்படி நடத்தினார்களோ அப்படியே அவரும் நடத்துவார். இந்தக் குறையைச் சரிசெய்ய அரசு செலவில் ஏற்பாடுகள் இருக்கின்றன. நம் பக்கத்து ஆசிரியர்கள் பலர் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படும்போதுதான் அவற்றைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அவற்றில் உங்கள் மகளுக்கு நேராகப் பொருந்துவது என்ஐடிடிடி எனும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சித் திட்டம். பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்காக, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ கொண்டுவந்தது. ஆங்கிலத் துறை என்றாலும் பொறியியல் கல்லூரியில் வேலை பார்ப்பதால் இவருக்கும் இது உண்டு. சென்னை தரமணியில் 1964இல் தொடங்கிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனமும், போபால், சண்டிகர், கொல்கத்தாவில் உள்ள அதன் சகோதர நிறுவனங்களும் சேர்ந்து இதை நடத்துகின்றன. எட்டுப் பாடங்கள், மத்திய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே படிக்கலாம். அதற்குமேல் மூத்த ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் பயிற்சி, தொழிற்சாலைப் பயிற்சி என்று இருக்கிறது. எட்டையும் முடிக்கத்தான் வேண்டும். ஆனால் மனம் வைத்துப் படிக்க வேண்டியவை நான்காவதும் ஆறாவதும். நான்காவது, பாடத்தைத் திட்டமிட்டு நடத்துவது. ஆறாவது, மாணவரை மதிப்பிடுவது. நிர்வாக நடைமுறை பற்றிய எட்டாவதை ஓரளவு வேகமாகவே தாண்டலாம்.

நான்காவது பாடத்தோடு மைக்ரோ டீச்சிங்கையும் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய முறை இது. நம் பி.எட். கல்லூரிகளிலும் செய்கிறார்கள், ஆனால் பல இடங்களில் சடங்குக்கு. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொள்ள வேண்டும், ஐந்தாறு நிமிடம் நடத்த வேண்டும், பதிவு செய்து பார்க்க வேண்டும், திருத்தி மறுபடி நடத்த வேண்டும். வீட்டு அலமாரியில் போனைச் சாய்த்து வைத்தால் போதும், எதிரே தம்பி உட்கார்ந்தால் சரி. முதலில் கேள்வி கேட்கும் திறனை எடுத்துக்கொள்ளட்டும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று நொடி சின்ன விஷயமாகத் தெரியும். வகுப்பில் நின்று மௌனமாக மூன்று எண்ணிப் பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். ஏற்காட்டுப் பிள்ளைகள் பதில் தெரியாமல்தான் பேசாமல் இருக்கிறார்களா, தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு வருவதற்குள் டீச்சர் அடுத்த ஆளிடம் போய்விடுகிறாரா என்பது வகுப்பில் அப்படிக் காத்திருந்து பார்த்தால் விளங்கிவிடும்.

ஆறாவது பாடம் வினாத்தாளைப் பற்றியது. இப்போது எல்லாக் கல்லூரியிலும் கேள்விக்குப் பக்கத்தில் கே-1, கே-2 என்று போடுகிறார்கள். 1956இல் அமெரிக்கக் கல்வியாளர் புளூமின் குழுவினர் வகுத்து, 2001இல் திருத்தப்பட்ட ஆறு சிந்தனைப் படிநிலைகள்தான் அவை. கேள்வியை முதலில் எழுதிவிட்டு, கடைசியில் ஏதாவது ஓர் எண்ணைப் போடுவதே வழக்கமாகிவிட்டது. "செயப்பாட்டு வினை என்றால் என்ன?" என்பது வெறும் நினைவுச் சோதனை. "கீழே உள்ள படங்களைப் பார்த்துக் காபி தயாராகும் முறையை எழுதுக" என்பது பயன்படுத்தும் சோதனை. உங்கள் மகள் இரண்டாவதைத் தன்னியல்பாகவே செய்திருக்கிறார். முறையாகப் படித்தால் அதை ஒரு செமஸ்டர் முழுவதும் திட்டமிட்டுச் செய்ய முடியும், நேர்காணலில் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கவும் முடியும்.

கூடவே இணையவழிப் படிப்புத் தளமான என்பிடெல்லில் கற்பித்தல் பற்றிய படிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நடத்தியவை அங்கே உண்டு. சேர்ந்து படிக்கப் பணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒப்படைப்பில் பத்தும் தேர்வில் முப்பதும் எடுத்தால் தேர்ச்சி. ஆசிரியர்களுக்கு எட்டு வாரப் படிப்பை ஒரு வார எஃப்டிபிக்கு, அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு, சமமாக ஏஐசிடிஇ ஏற்கிறது. ஐந்து நாள் ஆன்லைனில் கேமராவை அணைத்து வைத்துவிட்டு, கூகுள் ஃபார்ம் நிரப்பி வாங்கும் சான்றிதழ்கள் இருக்கின்றனவே, அவற்றை ஃபைலில் அடுக்கவே வேண்டாம். நேர்காணல் செய்பவர்களுக்கும் அவற்றின் கதை தெரியும்.

அடுத்து, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மாளவியா மிஷன் மையங்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டித் தொடங்கிய அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள்தான் 2023 முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. நமக்குப் பக்கம் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். திருச்சி, மதுரை, சென்னையிலும் உண்டு. புதிய ஆசிரியருக்கான அறிமுகப் பயிற்சி கிட்டத்தட்ட ஒரு மாதம், குறுகிய ஆன்லைன் பயிற்சிகளும் நடக்கின்றன. முதல்வரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அங்கேதான் சில நிர்வாகங்கள் இழுத்தடிக்கும். செமஸ்டர் விடுமுறையில் வரும் தேதியாகப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்துகொண்டே நெட் படிக்க முடியுமா என்றால், இதில் ஒரு பகுதியே நெட்தான். நெட் முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். பத்து அலகுகளில் முதல் அலகே கற்பித்தல் திறன். இரண்டாம் தாள் ஆங்கிலம், 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிப்பு கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதி ஒருமுறை கிடைத்தால் ஆயுளுக்கும் செல்லும். 2024 ஜூன் முதல் பிஎச்டி சேர்க்கைக்கும் இதே மதிப்பெண் பயன்படுகிறது. அதே தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இப்போது வாங்கும் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. உங்கள் மகளுக்கு 25தான் ஆகிறது.

பிஎச்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணைப் பேராசிரியர் நிலைக்குப் போக அது வேண்டும். ஆனால் நெட் தேறிய பிறகு, உதவித்தொகையோடு, தன் வகுப்பிலிருந்தே எடுத்த கேள்வியோடு போகட்டும். தமிழ்வழியில் படித்து வந்த பொறியியல் மாணவர்களுக்கு ஆங்கிலம் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதே நல்ல ஆய்வுத் தலைப்பு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்கிறது யுஜிசியின் 2022 பிஎச்டி விதி. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு. கல்யாணம் ஆனாலும் தொடரலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

செலவு விஷயத்தில் என் நிலை மாறாது. அடுத்த இரண்டு வருடத்துக்கு இவர் படிப்புக்காக வீட்டிலிருந்து கடன் என்ற பேச்சே கூடாது. தேர்வுக் கட்டணம், புத்தகம், கோவை போய்வரும் செலவு எல்லாம் அவர் சம்பளத்திலேயே அடங்கும். நீங்கள் தர வேண்டியது காலையில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் தறிப்பட்டறைக் கணக்கை எழுதச் சொல்லி அவரைக் கூப்பிடாதீர்கள்.

இந்த மாத இரண்டாவது சனிக்கிழமை மகளை மட்டும் அனுப்புங்கள். காபி பற்றிப் பிள்ளைகள் எழுதிய தாள்களையும், கடைசியாக அவர் தயாரித்த உள்மதிப்பீட்டு வினாத்தாளையும் எடுத்துவரட்டும். அவற்றைக் கொண்டு ஒரு கற்பித்தல் கோப்பு தொடங்குகிறோம். மைத்துனர் வர விரும்பினால் வேறொரு நாள் தனியாக வரட்டும், பேசுகிறேன். அந்த இடைத்தரகரிடம் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதையும் மகளிடம் கொடுத்தனுப்புங்கள். திருப்பிக் கேட்கும் கடிதத்தை அன்றே எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிடலாம்.