வலைப்பக்கத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, எமோஜி மட்டும் ???? என வருகிறதே, ஏன்?

வெறும் கட்டம் தெரிந்தால் கவலை வேண்டாம். எழுத்து பத்திரமாகத்தான் இருக்கிறது. பார்ப்பவரின் கருவியில் உள்ள எழுத்துருவில் அந்த எமோஜி இல்லை, அவ்வளவுதான். புதிதாக வந்த எமோஜியைப் பழைய போனில் திறந்தால் இப்படித்தான் வரும். நீங்கள் சொல்வது கேள்விக்குறி. அப்படியென்றால் பெரும்பாலும் சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துவிட்டது.

மைஎஸ்க்யூஎல் (MySQL) தரவுத்தளம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அதில் 'யுடிஎஃப்8' (utf8) என்று இருக்கும் எழுத்துக் குறியாக்க முறை ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் தப்பித்துவிடுகிறது. 😀 போன்றவற்றுக்கு 4 பைட் வேண்டும். 5.5.3 பதிப்பில் வந்த 'யுடிஎஃப்8எம்பி4'-க்கு (utf8mb4) அட்டவணையை மாற்றுங்கள். நிரலிலிருந்து தரவுத்தளத்துக்குப் போகும் இணைப்பிலும் அதையே குறிப்பிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அட்டவணையை மாற்றும்போது பழைய பதிப்புகளில் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) பிழை வரலாம். இண்டெக்ஸின் வரம்பு 767 பைட். 255 எழுத்து நீளமுள்ள புலத்துக்கு மும்மூன்றாக 765, அடங்கும்; நான்கு நான்காக 1020, அடங்காது. புலத்தின் நீளத்தை 191 ஆக்கினால் 764-இல் முடியும். மாற்றுவதற்கு முன் காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள். தரவுத்தளத்தில் ஏற்கெனவே ???? ஆகிப்போனவை மீளாது, மறுபடி உள்ளிட வேண்டியதுதான்.

தரவுத்தளமே இல்லாத சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கம் என்றால் 😀 என்று எண்ணாக எழுதிவிடலாம், 😀 வரும். இதயத்துக்கு ❤ மட்டும் போட்டால் சில இடங்களில் கறுப்பு வெள்ளையாக நிற்கும்; ஒட்டினாற்போல் ️ சேர்த்தால் வண்ணம் வரும். நேரடியாக உள்ளிட, விண்டோஸில் விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ்.

எழுத்து வரம்பு வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 👨‍👩‍👧 பார்க்க ஒன்று; உள்ளே மூன்று எமோஜிகளும் அவற்றைக் கோக்கும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இணைப்புக் குறிகளும் (‍) இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் இதன் நீளத்தை 8 என்று சொல்லும். எண்ணி நடுவில் வெட்டினால் குடும்பத்தில் ஆள் குறைவார், அல்லது கடைசியில் ஓர் உடைந்த குறி ஒட்டிக்கொண்டு நிற்கும். வெட்டுவதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள 'இன்டல்.செக்மென்டர்' (Intl.Segmenter) பயன்படுத்துங்கள், பார்வைக்கு ஒன்றாக இருப்பதை அது ஒன்றாகவே பிரித்துத் தரும்.