கணக்குக் கேள்வி: முதற் கிரயமும் மாற்றல் கிரயமும்

கேள்வி: எங்கள் தறிக்கூடத்தில் போன மாதம் 100 சாரம் நெய்தோம். உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் மகள் முதற் கிரயம் 142,500 ரூபாய், மாற்றல் கிரயம் 98,500 ரூபாய் என்று கணக்கிட்டுத் தந்தா. இரண்டையும் கூட்டி 100 ஆல் வகுத்தால் ஒரு சாரம் 2,410 ரூபாய்க்கு வருகிறது. அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். எங்கே பிழை? (மருதமுனை)

பதில்: மகளின் கணக்கில் பிழை இல்லை. நீங்கள் இரண்டையும் கூட்டியதில்தான் பிழை. நீங்கள் அனுப்பிய துண்டில் உள்ள தொகைகளை வைத்தே பார்ப்போம்.

மாதத் தொடக்கத்தில் கையிருப்பில் இருந்த நூல் 18,000. வாங்கியது 92,000. அதைக் கொண்டுவந்த ஏற்றுகூலி 3,000. மாத முடிவில் மிஞ்சியது 23,000. ஆக, தறிக்குப் போன நூல் 90,000. நெசவுக்கும் நூல் சுற்றுவதற்கும் கொடுத்த கூலி 50,000. இந்தச் சாரத்துக்கென்றே வரைவித்த டிசைனுக்கு 2,500. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் முதற் கிரயம்: 142,500. நூலை மட்டும் விட்டுவிட்டு, அதே கூலியையும் டிசைன் செலவையும் எடுத்து, அவற்றோடு தறிக்கூட மேந்தலைச் செலவை, அதாவது எல்லாச் சாரத்துக்கும் பொதுவாக விழும் செலவை, சேர்த்தால் மாற்றல் கிரயம். மேந்தலையில் வருபவை கொட்டில் வாடகை 12,000, மின்சாரம் 3,500, மேற்பார்வையாளர் சம்பளம் 25,000, தறி திருத்தம் 3,000, தறியின் பெறுமானத் தேய்வு 2,500. மொத்தம் 46,000. அதனால் மாற்றல் கிரயம் 98,500.

கூலியும் டிசைன் செலவுமான 52,500 ரூபாய் இரண்டு பக்கத்திலும் நிற்பதைக் கவனியுங்கள். கூட்டும்போது அது இரண்டு தரம் ஏறிவிட்டது. சரியான உற்பத்திக் கிரயம் 241,000 − 52,500 = 188,500. ஒரு சாரம் 1,885 ரூபாய். இனிமேல் முதற் கிரயத்தோடு மேந்தலையை மட்டும் கூட்டுங்கள், அல்லது மாற்றல் கிரயத்தோடு நூலை மட்டும் கூட்டுங்கள். எந்த வழியில் போனாலும் 188,500 வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

கடை வாடகை 8,000 ஐ மகள் சேர்க்காமல் விட்டதும் சரி. அது விற்பனைச் செலவு. சாரத்தின் கிரயத்தில் அது ஏறாது, விலை தீர்மானிக்கும்போது மட்டும் மனதில் இருக்க வேண்டும். நூல் வராமல் நெசவாளர் சும்மா இருந்த நாளுக்குக் கொடுத்த பணத்தையும் நேர்க்கூலியில் (சாரத்தை நெய்யவும் நூல் சுற்றவும் நேரே கொடுக்கும் கூலியில்) போடாதீர்கள், அது மேந்தலை. இன்னொன்று: வீட்டுப் பெண்கள் நூல் சுற்றினால் பலர் கூலி எழுதுவதே இல்லை. அவர்கள் ஒரு மாதம் சுற்றாமல் விட்டு, வெளியில் கொடுத்துச் சுற்றும்போதுதான் பழைய விலை நட்டம் என்று தெரியவரும். கணக்கேட்டில் எழுதாவிட்டாலும் விலைத் தாளில் எழுதுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதத்தையும் நேர்க்கூலியோடு சேர்ப்பவர்களும் உண்டு, மேந்தலையில் போடுபவர்களும் உண்டு. எதில் போட்டாலும் மாற்றல் கிரயம் மாறாது, ஏனென்றால் இரண்டுமே அதற்குள்தான் இருக்கின்றன. முதற் கிரயம் மட்டும் மாறும். ஒரு வருடம் இப்படியும் மறு வருடம் அப்படியும் போட்டுவிட்டு முதற் கிரயத்தை ஒப்பிட்டால் கூலி கூடிவிட்டது போலத் தோன்றும்.

கேள்வி: சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்துகிறோம். சொந்த நெல்லும் குற்றுகிறோம், கூலிக்கும் குற்றிக் கொடுக்கிறோம். குற்றுகூலியை எதை வைத்துத் தீர்மானிப்பது? சொந்த அரிசி கிலோ என்ன விலைக்கு விழுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கூலி நெல் உங்களுடையது அல்ல. ஆகவே அங்கே முதற் கிரயத்துக்கு வேலையே இல்லை, மாற்றல் கிரயம் ஒன்றே போதும். உதாரணமாக, ஒரு மாதம் ஆலைக் கூலி 120,000, மின்சாரம் 95,000, இயந்திரத் தேய்வு 60,000, றப்பர் ரோலர் 25,000, மற்றவை 20,000 என்று வைப்போம். மொத்தம் 320,000. குற்றிய நெல் 80,000 கிலோ. கிலோவுக்கு 4 ரூபாய். உங்கள் இலாபம் இதற்கு மேல். தவிடும் குறுணலும் யாருக்கு என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள். அவை உங்களிடம் நிற்பதானால் அதுவும் கூலியின் ஒரு பகுதிதான்.

சொந்த நெல்லில் வழக்கமாக நடக்கும் பிழை, செலவை நெல்லின் நிறையால் வகுப்பது. காய்ந்த நெல் 100 கிலோ, கிலோ 120 ரூபாய் என்றால் 12,000. குற்றும் கிரயம் 400. தவிடும் குறுணலும் விற்று வரும் 700 ஐக் கழித்தால் 11,700. அரிசி 65 கிலோ கிடைத்தால் கிலோ 180 ரூபாய். 12,400 ஐ 100 ஆல் வகுத்து 124 என்று நினைத்து விற்றால் கதை முடிந்தது.

ஈரமும் பார்க்க வேண்டும். 18 வீத ஈரப்பதனில் வாங்கிய 100 கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 95.35 கிலோ. 120 ரூபாய்க்கு வாங்கியது களஞ்சியத்துக்குப் போகும்போது கிலோ 125.85 ஆகிவிடுகிறது. இது வழமையான இழப்பு, மூலப்பொருள் கிரயத்திலேயே ஏறும். கூரை ஒழுகி நனைந்து பழுதான நெல் அப்படியல்ல. அது அந்தக் காலத்துச் செலவு, அதாவது அது நடந்த கணக்குக் காலத்தின் இலாபத்தில் நேரே கழிப்பது, அரிசியின் தலையில் ஏற்றக்கூடாது. புழுங்கலுக்கு ஊறவைத்து அவிக்கும் செலவைப் பச்சை அரிசியோடு கலக்கவும் வேண்டாம்.

போக முடிவில் ஆலை நிற்காமல் ஓடும், இடைப்பட்ட மாதங்களில் பாதிதான் ஓடும். அந்த மாதத் தேய்வை அந்த மாத நெல்லுக்கே முழுவதும் பிரித்தால் கிலோவுக்கு 4 ரூபாய் என்ற கிரயம் திடீரென்று கூடித் தெரியும். கையிருப்புச் சரக்கின் கிரயம் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இங்கே தெளிவாக இருக்கிறது: நிலையான மேந்தலையை ஆலையின் வழமையான கொள்ளளவை வைத்தே பிரிக்க வேண்டும், குறைவாக ஓடியதால் மிஞ்சும் பகுதி அந்தக் காலத்துச் செலவு. பெரும்போகம், சிறுபோகம் இரண்டையும் சேர்த்த ஒரு வருடச் சராசரியை எடுங்கள்.

கேள்வி: முதற் கிரயம் போதாதா? மாற்றல் கிரயம் எதற்கு? (உயர்தர மாணவி, காத்தான்குடி)

பதில்: பாதி முடிந்த வேலைக்காக. ஒரு தையற்கூடத்தில் 400 சேர்ட்டுக்குத் துணி வெட்டியாயிற்று, துணி 160,000 ரூபாய். 300 தைத்து முடிந்தது, 100 பாதி தைத்துக் கிடக்கிறது. மாற்றல் கிரயம் 70,000. துணியைப் பொறுத்தவரை 400 சேர்ட்டும் முழுமை, ஒன்றுக்கு 400 ரூபாய். தையலைப் பொறுத்தவரை முடிந்த 300 உம், பாதி தைத்த 100 க்கு ஈடான 50 உம், அதாவது 350, ஒன்றுக்கு 200 ரூபாய். முடிந்தவை 300 × 600 = 180,000. முடியாதவை 40,000 + 10,000 = 50,000. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 230,000 ஐ 400 ஆல் வகுத்தால் 575 வரும், முடிந்த சேர்ட்டுகள் 172,500 என்று குறைந்து நிற்கும். பரீட்சையில் புள்ளி போகும் இடமும் இதுதான்: துணி தொடக்கத்திலேயே முழுவதும் போகிறதா, வேலையோடு வேலையாகச் சேர்கிறதா என்று கேள்வியில் ஒரு வரி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.